பிறந்த வீட்டுக் கோடி

என் மனைவி நோயில் படுத்திருந்த அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. சாவு என்ற சொல். அது மட்டுமல்ல, அதற்கு ஒன்றுவிட்ட உறவாக வரும் பேச்சுகளுக்கும் தடைதான். ‘முடியலை’ என்று சொல்லக்கூடாது. ‘டாக்டர் கையை விரிச்சுட்டார்’ என்று சொல்லவே கூடாது. வாய் எதை அறிக்கையிடுகிறதோ அதுதான் நடக்கும் என்பது எங்கள் ஜெபக்குழுவின் உறுதி. பிசாசு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், அவிசுவாசமாக ஒரு வார்த்தை வெளியே வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவான் என்று குழுவை நடத்தும் சிஸ்டர் சொல்வார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டேன். படுத்திருப்பவள் நம் ஆளாக இருக்கும்போது எந்த வாதமும் எடுபடுவதில்லை.

நாங்கள் இருந்தது அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சபையும் பக்கத்திலேயேதான். கீழே பெயின்ட் கடை, மாடியில் ஆராதனை. கீழே பெயின்ட் டின்னைக் குலுக்கும் மெஷினைப் போட்டால் மாடித் தரை அதிரும். புதிதாக வருகிறவர்கள் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டுவார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

நவம்பரில் வயிற்றுவலி என்று போனோம். அல்சர் என்றார்கள், கேஸ் என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், கணையத்தில் கட்டி, ஈரல்வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க யாரையாவது பாக்கணும்னு ஆசைப்பட்டா தள்ளிப்போடாதீங்க சார்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்களிடையே ஒரு வழக்கம். தட்டில் அட்டைகளைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். குடும்பத்துக்கு ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம்தான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் அந்த வீட்டுக்குத் தந்த வாக்கு. அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு அவள்தான் எடுத்தாள். நீ சாகமாட்டாய், பிழைத்திருந்து ஆண்டவரின் செயல்களை எடுத்துச் சொல்வாய் என்ற பொருளில் வந்தது. சபையே எழுந்து நின்று கைதட்டியது. சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த நிலைமையில் இருக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சிஸ்டரைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது. கணவரை இழந்தவர், தெருமுனையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். கீமோவுக்குப் போகும் நாட்களில் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தவர் அவர்தான். அவள் வாந்தியெடுத்த பக்கெட்டை முகம் சுளிக்காமல் கழுவியவரும் அவர்தான். அந்த வசனத்தைக் கொட்டை எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து, கட்டிலுக்கு எதிரே, ஃபிரிட்ஜ் மேலே, பாத்ரூம் கதவில்கூட ஒட்டிவைத்தார். அன்பினால் ஒட்டினார். அதனால்தான் அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேச முடியவில்லை.

ஈஸ்டருக்கு முன்பு எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. மருந்தின் வேலை, கொஞ்ச காலத்துக்குத்தான் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். சுருங்கியது என்பது மட்டும் என் காதில் ஏறியது. ஈஸ்டர் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். கட்டி கரைந்துபோய்விட்டது, கர்த்தர் பூரண சுகம் கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அல்லேலூயா சத்தத்தைக் கேட்டுப் பெயின்ட் கடைக்காரர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. சாட்சி சொல்லியாயிற்று. இனி நோய் திரும்பக் கூடாது. திரும்பினால் எங்கள் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று ஆகும். அவள் கண் மஞ்சளாகத் தொடங்கியது. வருகிறவர்கள் கண்ணைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். ஜூலையில் டாக்டர் கீமோவை நிறுத்தினார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு மாத்திரை தருகிறேன் என்றார். சபையில் கேட்டவர்களிடம் ‘ட்ரீட்மென்ட் முடிஞ்சுது’ என்றேன். அவளும் யார் கேட்டாலும், "ஸ்தோத்திரம், நல்லா கீறேன்" என்பாள். எலும்பும் தோலுமாகக் கிடந்துகொண்டு அவள் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருப்பேன்.

அவளுடைய பிறந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாபிராம் பக்கம் ஒரு ஊர். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் வேலை செய்த குடும்பம். இப்போது ஒரே அண்ணன், கம்பெனி வேன் ஓட்டுகிறார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தபோதுகூட அவர் முறைத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் அங்கே போகும், பொங்கலுக்கு அவர் கரும்போடு இங்கே வருவார். உறவு அறுந்தது அவர்கள் அம்மா இறந்த அன்றைக்கு. இறந்தவர் வாயில் பெற்ற பிள்ளைகள் கடைசியாக அரிசி போடுகிற சடங்குக்கு அவளைக் கூப்பிட்டார்கள். வாய்க்கரிசி போடமாட்டேன் என்றுவிட்டாள். பாஸ்டரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாக எடுத்த முடிவு. பந்தலுக்கு வெளியே கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதபடி தனியாக நின்றாள். ஊரே பார்த்தது. அண்ணன் வெளியே வந்து, "எங்கம்மாவுக்கு நீ பொண்ணே இல்ல, போ" என்றார். அன்றோடு சரி. பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இருந்துகொண்டு வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. அவளுக்கு நோய் என்றும் நாங்கள் சொல்லி அனுப்பவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் உபவாச ஜெபம். கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்துக் குழுவிலிருந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறை வாசற்படியில் நின்றேன். எங்கள் முறைப்படி ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். மற்றவர்கள் நடுநடுவே ஸ்தோத்திரம் சொல்லலாம், குறுக்கே பேசக்கூடாது. மனிதரோடு பேசுகிறவரின் வாயை அடைக்கலாம், ஆண்டவரோடு பேசுகிறவரின் வாயை அடைக்க முடியாது. அவள் இதை யோசித்துத்தான் செய்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தன் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த அக்காமாருங்களுக்காக ஸ்தோத்திரம். எங்க ஊட்டுக்காரருக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும்.

"ஆண்டவரே, நான் சாவப்போறேன். உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவங்களாண்ட சொல்ல எனக்கு வாய் வர்ல. சொன்னா மனசு ஒடிஞ்சி பூடுவாங்க. உம்மாண்ட வர்றதுக்கு எனக்கு பயம் இல்ல. ஆனா எங்க அண்ணன ஒரு தபா பாக்கணும். நான் செத்தா பொறந்த ஊட்டு கோடி வரும். அத நான் உசுரோட பாக்கணும் ஆண்டவரே. அண்ணன் கையால வாங்கணும். செத்தப்பறம் மேல போட்டா எனக்கு எப்டி தெரியும்? அவரு மனச நீர்தான் எளக்கணும்."

கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை வரவேண்டும். கூடப் பிறந்தவன் அதைக் கொண்டுவந்து உடல்மேல் போர்த்துவான். அதைத்தான் கோடி என்பார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் அது உண்டு. எந்த பாஸ்டரும் அதைத் தடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவள் தனக்குக் கோடி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சிஸ்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கி, "மரணத்தின் ஆவியே, இயேசுவின் நாமத்தில் உன்னைக் கடிந்துகொள்கிறோம்" என்று உரத்த குரலில் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீடு முழுக்கச் சத்தம். கட்டிலில் அவள் உதடுகள் அசைந்துகொண்டேதான் இருந்தன. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் நான், எனக்குக் கேட்கவில்லை.

"சிஸ்டர், நிறுத்துங்க" என்று கத்தினேன். "அவ இன்னும் ஆமென் சொல்லல."

சத்தம் அடங்கியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அண்ணிக்காக, அண்ணன் பிள்ளைகளுக்காக, கடைசியில் எனக்காக. இவருக்குக் கோபம் அதிகம், நான் போனபிறகு யாரையும் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டாள். பிறகு ஆமென் என்றாள். எல்லோரும் ஆமென் என்றோம். வேறு வழியில்லை, அது ஜெபம்.

எல்லோரும் போனபிறகும் சிஸ்டர் செருப்பை மாட்டாமல் வாசலில் நின்றார். "பிரதர், வாக்குத்தத்தம் இருக்கும்போது இப்படி அவிசுவாசமா..." என்று ஆரம்பித்தார். "சிஸ்டர், அவ ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கா. நடுவுல நாம யாரு?" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார்.

கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க ஈஸ்டர் அன்னிக்கி மைக்க புட்ச்சிகினு பேசுனீங்களே, அன்னிக்கே. உங்க மூஞ்சிய பாத்தே தெரிஞ்சிகினேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க நம்பிகினு இருந்தீங்க. அத ஏன் நான் கெடுக்கணும்?"

அவள் நம்புகிறாள், அதைக் கெடுக்கக் கூடாது என்றுதான் நானும் இத்தனை மாதம் நடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நோய் வந்தபிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அப்போதுதான். அதுவரை அவளுக்குத் தெரியாமல் நான் பாத்ரூமில் அழுவேன், எனக்குத் தெரியாமல் அவள் எங்கே அழுதாளோ.

மறுநாள் பட்டாபிராமுக்குப் போனேன். ஆவடி தாண்டும்வரை என்னென்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் "வா மாப்ள" என்றவர், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த துணியோடு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நவம்பர்லேருந்தா? எனுக்கு ஏன்யா சொல்லல?"

"சொன்னா அவ போய்டுவான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு இருந்துட்டோம் மச்சான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். நான் கோடிப் புடவை விஷயத்தைச் சொன்னதும் துள்ளி எழுந்தார்.

"உசுரோட கீறவளுக்கு கோடியா? நீ இன்னா மனுசன் மாப்ள? எந்தங்கச்சிய நானே அனுப்சி வெக்கற மாரி ஆவாதா? ஊர்ல கேட்டா காறி துப்புவானுங்க."

எங்கள் வீட்டில் பேசக்கூடாத அதே பேச்சுதான் அவர் வீட்டிலும் பேசக்கூடாத பேச்சு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேதம் வேறு, சாமி வேறு, பயம் மட்டும் ஒன்றுதான்.

"அதும் எங்கம்மாவுக்கு ஒரு பிடி அரிசி போடாதவ..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. நான் தயார்செய்துகொண்டு போன பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "அவ ஜெபத்துல கேட்டா மச்சான். உங்ககிட்ட வந்து சொல்லவேண்டியது என் கடமை, சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "வருவாரா?" என்று கேட்டாள். முன்பாக இருந்தால், கட்டாயம் வருவார், விசுவாசி என்று சொல்லியிருப்பேன். "தெரியல" என்றேன். அவள் சரி என்று தலையசைத்தாள். அந்த வாரம் முழுக்க வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் தலை மட்டும் திரும்பும். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. அவர் வராமலேயே இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் வந்தார்கள், அண்ணனும் அண்ணியும். அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கையில் ஆவடி ஜவுளிக்கடை கவர், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார். கட்டிலைப் பார்த்தவர், "இன்னாம்மா இப்டி ஆயிட்ட" என்றார்.

"வாண்ணா. உள்ள வா."

உள்ளே வந்தார். "இது கோடி இல்ல. சொம்மா, தங்கச்சிக்கு ஒரு பொடவ எட்தாந்தேன். அவ்ளோதான்."

"செரிண்ணா. கோடி இல்ல. குடு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கையைத் தூக்கி வைத்திருக்கத் தெம்பில்லை. அண்ணி ஓடிவந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அவர் குனிந்து புடவையை அவள் கையில் வைத்தார். நல்ல மஞ்சள், அரக்கு பார்டர். அவள் பார்டரைத் தடவிப் பார்த்தாள், மடிப்பைப் பிரித்து முந்தானையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, மஞ்சக்காமால காரிக்கு மஞ்சப் பொடவயா? வேற கலரே கெடக்கலியா உனுக்கு?"

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துத் தேம்பத் தொடங்கிவிட்டார். "அம்மாவுக்கு நீ பொண்ணே இல்லன்னு சொல்லிட்டனேம்மா" என்றார்.

"உடுண்ணா. அரிசி போட்றதில்லன்னு இருந்தேன், அது வேற. ஆனா வெளிய போய் நின்னேன் பாரு, அது தப்பு. உம்பக்கத்துல உள்ள நின்னு அயுதிருக்கணும்."

இதை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். விசுவாசத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் பாதி மறந்துபோயிற்று, இது மறக்கவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார். கட்டில்மேல் விரித்துக் கிடந்த புடவையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "பிளவுஸ் பீஸ் கூட இருக்குதா?" என்று கேட்டார். கடைக்குப் போய் டேப் எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் தாராளமாகத் தைக்கட்டுமா, உடம்பு தேறினால் போட வசதியாக இருக்கும் என்று கேட்கத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன், பாதியில் நின்றுபோயிற்று. "இப்ப கீற அளவுக்கே வெய்ங்க சிஸ்டர்" என்றாள் இவள். அளவெடுத்து முடிக்கும்வரை சிஸ்டரின் கண்ணீர் டேப்பின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. மறுநாளே தைத்துக் கொடுத்துவிட்டார்.

அதைக் கட்டிக்கொண்டு அவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாஸ்டர் வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்தார். மற்ற நாட்களில் பேசினோம். குக்கர் கேஸ்கட் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதிலிருந்து, எந்தக் கல்லறையில் இடம் கேட்பது என்பதுவரை. இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் தன் புடவைகளை வருகிறவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மிரட்டினாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். தனக்கும் சில நேரம் இருக்கிறது என்றாள். இரண்டு பேரும் அதை அப்படியே ஆண்டவரிடம் சொன்னோம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலையில் போனாள். நானும் அண்ணனும் பக்கத்தில் இருந்தோம். சிஸ்டரும் அண்ணியும் அவளைக் குளிப்பாட்டி மஞ்சள் புடவையைக் கட்டிவிட்டார்கள். அடக்க ஆராதனைக்குப் பட்டாபிராமிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் மாலை போட்டார்கள், அழுதார்கள். பெட்டி மூடும் நேரம் நெருங்கியதும் அவர்களில் வயதான பெரியப்பா ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொறந்த ஊட்டு கோடி எங்கப்பா? அண்ணங்காரன் வெறுங்கையோட நின்னுகினு கீறான்?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பழைய சண்டை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கடைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று அண்ணி பதறிப்போய் அண்ணன் காதில் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தங்கையின் தலைமாட்டில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கோடி குட்தாச்சி பெரிப்பா. எந்தங்கச்சி தன் கையாலயே வாங்கிகினா. கலரு சரியில்லன்னு என்ன திட்டிட்டுதான் வாங்கிகினா."